தீவில் கடல் உள்ளே போன சாயங்காலம்

அந்தத் தீவில் கடலுக்குச் சத்தம் இல்லை. முதலில் என் காதுதான் அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். விமானத்தில் ஏறி இறங்கினால் அப்படி ஆகும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்த்தேன். ஏதோ ஒரு பறவை கூப்பிட்டது நன்றாகவே கேட்டது. தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்டது. கடல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கரையில் வந்து படுத்துக்கொள்வதும், மெல்ல எழுந்து போவதுமாக இருந்தது, பால் குடித்துவிட்டுத் தூங்கும் குழந்தை புரளுகிற மாதிரி.

எங்கள் திருவொற்றியூர் கடல் அப்படிப்பட்டது கிடையாது. கரை முழுக்கக் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள். அலை வந்து கல்லில் மோதும், மோதிவிட்டுக் கல் இடுக்கில் புகுந்துகொண்டு இருமும். இந்தப் பக்கம் எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் போகும். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் படுத்துத்தான் எனக்குப் பழக்கம். சத்தம் நின்றால் விழிப்பு வந்துவிடும். அதனால் அந்தத் தீவில் இருந்த கொஞ்ச நேரமும் நான் விழித்திருந்தேனா தூங்கினேனா என்று இப்போது கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நான் மீன் விற்றவள். காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டையார்பேட்டைத் தெருக்களில் நடந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாடி வைத்த வீடு கட்டினவள். ஒருத்தரிடமும் கை கட்டி நின்றது கிடையாது. ஓய்வெடுக்க ஊருக்குப் போகிறேன் என்று யாராவது சொன்னால் எனக்கு இளக்காரமாகத்தான் இருக்கும். ஓய்வுக்கு எதற்கு இன்னொரு ஊர், உட்கார்ந்தால் போதாதா என்பேன். அப்படிச் சொன்னவளை என் ஓரகத்திதான் அந்தமான் பக்கத்துத் தீவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரரின் தம்பி பெண்சாதி. ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். அவள் என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். என் வீட்டுக்காரர் கரையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கையைப் பிடித்துக்கொண்டு போனார். என் கொழுந்தனார் கடலுக்குப் போனார், வரவில்லை. அப்போது அவள் மகன் தூளியில் கிடந்தான். படகின் பலகை ஒன்று பழவேற்காடு பக்கம் ஒதுங்கியது. ஆள் ஒதுங்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாமியார் எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லி வைத்தது. ஆம்பளை கடலில் இருக்கும்போது பெண்சாதி கடலில் கால் நனைக்கக் கூடாது. படகு அலையைத் தாண்டிவிட்டால் நாம் ஈர மணலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். அவர் கரையேறிய பிறகுதான் நாம் காலைக் கழுவப் போகலாம். முன்னாலேயே கால் நனைத்தால், நீ வரவேண்டாம், எனக்கு ஆயிற்று என்று அவரிடம் சொன்ன மாதிரி.

கொழுந்தனாருக்குக் காரியம் செய்தோம். தாலியை இறக்கினோம். அதெல்லாம் ஊருக்காக என்று அவள் தலையைக் கொடுத்தாள். ஆனால் கால் நனைக்காமல் இருப்பதை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். ஆள் ஒதுங்கவில்லை, ஆகவே அவர் இன்னும் கடலில்தான் இருக்கிறார், இதுதான் அவள் கணக்கு. யாரும் அவளோடு வாதாடவில்லை. மாசி மகத்துக்குச் சாமி கடலாட வரும்போது ஊரே தண்ணீரில் நிற்கும், அவள் மட்டும் மேட்டில் நின்று கும்பிடுவாள். சுனாமியில் தண்ணீர் குப்பத்துக்குள் நுழைந்து அவள் இடுப்பு வரைக்கும் வந்ததே என்று ஒருத்தி கிண்டலாகக் கேட்டாள். "நானா போனேன்? அதுவா வூட்டுக்கு வந்துச்சி. அது கணக்குல சேராது" என்றாள். அதற்குப் பிறகு எர்ணாவூரில் வீடு கொடுத்தார்கள். அங்கே ஆப்பக்கடை போட்டு மகனை வளர்த்தாள். கடலைக் காதால் கேட்பதோடு சரி.

அந்த மகன் கேட்டரிங் படித்துவிட்டு, தீவில் ஒரு தங்கும் விடுதியில் சமையல்காரனாகச் சேர்ந்தான். ஓலைக் கூரை போட்ட ஏழெட்டுக் குடில்கள், சுற்றிலும் தென்னை, முன்னால் கடல். ஆட்கள் அதிகம் வராத மாதத்தில் அம்மாவை அழைத்து வந்து தங்கவைத்துக்கொள்ள முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டான். எனக்குத்தான் போன் செய்தான்.

"பெரிம்மா, நீ வந்தா அது வரும். இல்லன்னா எதனா சாக்கு சொல்லிகினே இருக்கும். உனுக்கும் சேத்து டிக்கெட்டு போட்டுகீறேன்."

"எனுக்கு இன்னாடா வேல அங்க?"

"ஒரு வேலயும் இல்ல. அதுக்குத்தான் கூப்புடுறேன்."

விமானத்தில் எனக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. அவள் என் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கீழே மேகம், மேகத்துக்கு நடுவில் நீலம். மேலே இருந்து பார்த்தால் கடல் மடித்து இஸ்திரி போட்ட துணி மாதிரி இருந்தது, இவ்வளவுதானா நீ என்று கேட்கத் தோன்றியது.

"யக்கா, கீய இன்னா தெரியுது?"

"கடலுதான்."

"போட்டு எதனா தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை. "தெரியுது, ஒண்ணு ரெண்டு" என்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டிக்கொண்டாள்.

விமானம், அப்புறம் பெரிய படகு, அப்புறம் சின்னப் படகு. பெரிய படகுக்கு ஜெட்டி இருந்தது, பலகை மேல் நடந்து ஏறி இறங்கிவிட்டோம். சின்னப் படகு தீவுக்குப் பக்கத்தில் வந்ததும் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. ஜெட்டி இல்லை. எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்தார்கள். அவள் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

மகன் கரையிலிருந்து தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி வந்தான். படகை ஒட்டி முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தான்.

"ஏறு."

"எல்லாரும் பாக்குறாங்கடா."

"பாக்கட்டும். நீ என்ன தூக்கினு சுத்தல? நான் இந்தத் தண்ணி வரிக்கும் தூக்கக் கூடாதா?"

படகுக்காரர் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழர். "அம்மாவுக்குக் கால்ல எதுவும் பிரச்சினையா தம்பி?" என்று கேட்டார்.

"கால்ல ஒண்ணும் இல்லண்ணே. அப்பா கடல்ல கீறாரு."

"அப்படியா? எப்பத் திரும்புறாரு?"

மகன் முதுகை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். நான் புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி நடந்தேன். எனக்கு முன்னால் அவள் மகன் முதுகில் போய்க்கொண்டிருந்தாள், இரண்டு பாதங்களையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. தண்ணீர் கோலிசோடா புட்டி நிறத்தில் இருந்தது. என் கால் விரல்கள் பத்தும் அடியில் தெரிந்தன. மீன்குஞ்சு ஒன்று வந்து என் மெட்டி போட்ட தழும்பைக் கொத்திப் பார்த்துவிட்டுப் போனது.

வந்த அன்றைக்கு அறைக்குள் போய் விழுந்தவர்கள்தான், விளக்கு வைக்கும் நேரம்வரை எழவில்லை. மறுநாள் விடிந்தது. அந்த ஒரு நாளைத்தான் நான் இன்னும் வைத்து வைத்துப் பார்க்கிறேன்.

காலையில் நாஷ்டாவை ஒரு பெண் கொண்டுவந்து வைத்து, "மேடம், இன்னும் ஏதாவது வேணுமா?" என்றது. வாழ்நாள் முழுக்க "ஏ மீனு" என்று கூப்பிடக் கேட்டுத்தான் எனக்குக் காது பழகியிருந்தது. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று வேண்டாத தண்ணீரைக் கேட்டு வாங்கினேன். நான் கொண்டுபோயிருந்த நெத்திலிக் கருவாட்டை மகன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "பெரிம்மா, சுத்தி மீனுதான் கீது. நீ இன்னாத்துக்குக் கடலுக்கே கருவாடு எத்துனு வந்துகீற?" என்றான். மத்தியானம் அதை அவனே வறுத்து வைத்தான். முதலில் அவன்தான் எடுத்துத் தின்றான்.

இரண்டு தென்னைக்கு நடுவில் வலை ஊஞ்சல் ஒன்று கட்டியிருந்தார்கள். படுத்துக்கொள்வதற்காம். எனக்கு மனசு வரவில்லை.

"மீனு படுக்கிற எடத்துல மனுசன் படுப்பானா?" என்றேன்.

அவள் தயங்கவே இல்லை. புடவையைச் சுருட்டிக்கொண்டு ஏறிப் படுத்துவிட்டாள். வலை அவளைச் சுற்றி மூடிக்கொண்டது, மூக்கும் கொண்டையும்தான் தெரிந்தன.

"இன்னாமே, மாட்டிகினியா?"

"ஷோக்கா கீதுக்கா. யாரும் என்ன இப்பிடித் தூக்கி வச்சதில்ல."

நான் பக்கத்தில் மரச் சாய்வு நாற்காலியில் கிடந்தேன். பகலில் மல்லாந்து படுத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. வானத்தைப் பார்க்க வேண்டிய வேலை எனக்கு இருந்ததில்லை, மழை வருமா என்று பார்ப்பதோடு சரி. அன்றைக்குப் பார்த்தேன். ஓலைக்கு நடுவில் வெளிச்சம் சல்லடையில் சலித்த மாவு மாதிரி கொட்டிக்கொண்டே இருந்தது. காற்றில் கரி வாடை இல்லை, ஐஸ் வாடை இல்லை, அமோனியா வாடை இல்லை. எதையும் முகராமல் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. மூச்சு விடுவது இவ்வளவு சும்மா நடக்கிற காரியம் என்று எனக்குத் தெரியாது. கடல் கிட்டத்தில் பச்சையாக, கொஞ்சம் தள்ளி நீலமாக, அதற்கும் அப்பால் வானமா தண்ணீரா என்று சொல்ல முடியாமல் இருந்தது.

"யக்கா, இது நம்ம கடலுதான?"

"அதே கடலுதான். நம்ம கரையில நின்னு நேரா கெயக்கால போனா இங்கதான் வந்து முட்டும்னு உன் மவன் சொன்னான்."

அவள் ஊஞ்சல் வலையை விலக்கிக்கொண்டு அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"அப்போ அந்தாண்ட கரைக்கு வந்துகீறோம்."

"ஆமா."

"அவுரு போன பக்கம்."

என்னைத் தூக்கம் இழுத்துக்கொண்டது. கனவா என்னவோ, கொழுந்தனார் அந்த நீலத்தில் உட்கார்ந்துகொண்டு நிதானமாக வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கிழமாகியிருக்கவில்லை. அவசரமே இல்லை அவருக்கு.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எதிரே பார்த்தேன். கடல் இல்லை.

கடல் இருந்த இடத்தில் தரை கிடந்தது. வெறும் தரை, ஈரமாக, பாசியும் கல்லுமாக, கண்ணுக்கு எட்டிய வரைக்கும். காலையில் மிதந்த படகுகள் ஒருபக்கம் சாய்ந்து படுத்திருந்தன. வெகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது.

சுனாமி அன்றைக்கு நான் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் தண்ணீர் வந்துவிட்டுப் போனதும் கடல் உள்ளே இழுத்துக்கொண்டது. யாரும் பார்த்திராத தரை தெரிந்தது, அதில் மீன் துள்ளியது. மீன் பொறுக்கக் கீழே இறங்கினவர்கள் திரும்பவில்லை. அடுத்த தண்ணீர் அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டது. எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கடல் முன்னால் வந்தால் நின்று பார், பின்னால் போனால் ஓடு.

"ஏந்திரிமே. ஏந்திரி. கடலு உள்ள போய்ச்சி" என்று ஊஞ்சலைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் வலையோடு உருண்டு கீழே விழுந்தாள். ஒருதரம் பார்த்தாள், அவளுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டைப் பார்த்து ஓடினேன். புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று மணலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. "மேல போங்க, மேல போங்க, தண்ணி வருது" என்று கத்தினேன். அந்தப் பெண் என்னையும் போட்டோ எடுத்தது.

மேட்டுக்குப் பாதி தூரத்தில் அவள் நின்றாள்.

"புள்ள எங்கக்கா?"

திரும்பிப் பார்த்தோம். கடல் இருந்த தரையில், வெகுதூரத்தில், கையில் பக்கெட்டோடு அவன் குனிந்து நண்டு பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் என் கையை உதறினாள். உதறிய வேகத்தில் என் வளையல் ஒன்று உடைந்தது. மேட்டை விட்டுக் கடலைப் பார்த்து ஓடினாள். என் கால் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. ஒரு தென்னையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காய்ந்த மணலைத் தாண்டினாள். ஈர மணலைத் தாண்டினாள். வழியில் வாய்க்கால் மாதிரி ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைப் பார்த்தாளோ இல்லையோ, புடவையைக்கூடத் தூக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கிச் சளப்சளப்பென்று தாண்டி ஓடினாள். அவனிடம் போய்ச் சேர்ந்ததும் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். பக்கெட் உருண்டது, நண்டெல்லாம் நாலா பக்கமும் போயின.

படகுக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, பயப்படாதீங்க. இது வத்தம். தினமும் கடல் இப்படித்தான் உள்ள போகும், கொஞ்ச நேரத்துல ஏறி வந்துரும். இங்க தரை சமதளம்ல, அதான் இம்புட்டு தூரம் போகுது."

"எனுக்குத் தெரியாதா? எங்க ஊர்லயும் வத்தம், ஏத்தம் கீது" என்றேன். உண்மைதான், உண்டு. எங்கள் கரையில் அது நாலு எட்டுக்குள் முடிந்துவிடும். தென்னையை விட்டுவிட்டுப் புடவையைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, வேடிக்கை பார்க்கப் போகிறவள் மாதிரி மெதுவாக இறங்கி நடந்தேன்.

நான் போய்ச் சேரும்போது அவர்கள் அந்த வாய்க்காலுக்கு நடுவில் நின்றிருந்தார்கள். அவள் பிடித்த காலரை இன்னும் விடவில்லை. அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"யம்மா, வத்தம்மா இது. தெனிக்கும் இப்பிடித்தான். வுடு, கய்த்து இறுக்குது. இன்னா கெய்வி நீ, இம்மாந் தூரம் ஓடியாந்து..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவன் குனிந்து பார்த்தான்.

"யம்மா. காலு."

அவளும் குனிந்து பார்த்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் பாதங்கள் இரண்டும் அடியில் வெள்ளை மணலில் தெரிந்தன, கொஞ்சம் பெரிதாக, வேறு யாருடையதோ மாதிரி. அவள் காலரை விட்டாள். நானும் அந்தத் தண்ணீருக்குள் போய் நின்றுகொண்டேன். வேறு எங்கே நிற்பது?

அவன் பழையபடி முதுகைக் காட்டிக் குனிந்தான். "ஏறும்மா. நான் தூக்கினு போறேன்."

"இன்னாத்துக்கு? நனஞ்சிடுச்சி."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. தூரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வாசலில் நிற்கிற ஆளிடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"புள்ளய இட்டாரத்தான் எறங்குனேன். நம்ம புள்ளதான். வேற ஒண்ணும் நெனிச்சிக்காத."

அந்தப் பக்கத்திலிருந்து காற்று மட்டும் வந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், புடவையோடு, இடுப்பு வரைக்கும் தண்ணீரில். புடவை அவளைச் சுற்றிக் காற்றடைத்து மிதந்தது. மகன் அவள் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தான், நான் மறுபக்கத்தில். நாள் முழுக்க வெயில் குடித்த தண்ணீர், வெந்நீர் போட்டு வைத்த மாதிரி இருந்தது. தப்பிய நண்டு ஒன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. யாரும் அதைப் பிடிக்கவில்லை.

அவள் ஒரு பாதத்தைத் தூக்கி மடிமேல் வைத்து, மணலை அள்ளிக் குதிகாலில் தேய்க்க ஆரம்பித்தாள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் தேய்ப்பது மாதிரி, அவசரமில்லாமல். அப்புறம் அடுத்த பாதம். மேலே வானம் மஞ்சளாகி, தண்ணீரும் மஞ்சளாகி, நாங்கள் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்றே எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முதலில் இடுப்பளவில் இருந்தது, பிறகு வயிற்றைத் தொட்டது. சாய்ந்து கிடந்த படகுகளில் ஒன்று லேசாக அசைந்து நிமிர்ந்தது. மகன் என்னைப் பார்த்தான், நான் கையால் சும்மா இரு என்றேன்.

"உப்புத் தண்ணி வெடிப்புல எரியுதுக்கா" என்றாள்.

"எரிஞ்சா ஏந்து வாமே. போலாம்."

"இருக்கா. எரியட்டும்" என்றாள். இன்னும் ஒரு கை மணல் அள்ளினாள்.